தாமிரபரணிக் கரையும் கும்பகோணத்துத் தபாலும்

எங்கள் வீட்டுப் பட்டாசலில், சுவாமி படங்களுக்குச் சற்றுக் கீழே, ஒரு கடுதாசிக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் வட்டமான ஒரு மரக்கட்டை, அதன் நடுவிலிருந்து நிமிர்ந்து நின்று மேல்நுனியில் கொக்கியாக வளைந்த கம்பி, அவ்வளவுதான். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா, வந்த கடிதம் ஒவ்வொன்றையும் தார்சாவில் உட்கார்ந்து இரண்டு முறை படிப்பார். அன்றைக்கோ மறுநாளோ பதில் எழுதித் தபாலில் சேர்த்த பிறகுதான் அந்தக் கடிதம் கம்பிக்கு ஏறும். பதில் எழுதப்படாத கடிதத்தைக் கம்பியில் குத்துவதை அவர் ஒரு குற்றமாகவே கருதினார். அடியில் கிடந்தவை மஞ்சளாகிப் பழுப்பேறிப் பிறகு ஏறக்குறையக் காப்பி நிறத்துக்கே போயிருந்தன. மேலே வர வர நிறம் வெளுத்து, உச்சியில் புதிய கார்டு வெள்ளையாக இருக்கும்.

தாத்தா காலமாகிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அந்தக் கடிதங்கள் எல்லாம் பழைய பேப்பர் வாங்குபவருடைய சாக்குக்குள் போய்விட்டன. நான் அப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்து பார்க்கையில் சுவர் புதிதாக இருந்தது. கம்பியும் அதே ஆணியில் தொங்கியது, ஆனால் அதில் ஒரு தாள் கூட இல்லை. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. வீட்டில் ஒருவருக்கும் அது தவறான செயலாகத் தோன்றவில்லை என்பதே என்னை இன்றுவரை வருத்துகிறது. தாத்தாவுடைய நன்னூல் பிரதிக்குள் பக்கக் குறியாகக் கிடந்த இரண்டு கார்டுகள் மட்டும் தப்பின. அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவையும் நினைத்துக்கொள்ள நேர்ந்தது, கடந்த சில மாதங்களாக உ.வே.சாமிநாதையரின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்ததால்தான். ஐயரை நாம் பதிப்பாசிரியர் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். அவர் தொழிலால் ஆசிரியர். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்துக்குத் தமிழாசிரியராகச் சேர்ந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்று, 1919வரை வகுப்பறையில் நின்றவர். சீவக சிந்தாமணியும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும், கல்லூரி வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் பதிப்பிக்கப்பட்டவை. அந்த மாலை நேரங்களுக்கான மூலப்பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் தபால்தான்.

அவருக்கு வந்த கடிதங்கள் 3,000க்கும் மேற்பட்டவை சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவற்றை அந்த நூல்நிலையமே ஒரு தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. 1877 என்னும்போது ஐயருக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முந்தின ஆண்டு பிப்ரவரி முதல் தேதி காலமாகிவிட்டார். கல்லூரி வேலை இன்னும் கிடைக்கவில்லை. திருவாவடுதுறை மடத்தில் பாடம் கேட்டுக்கொண்டும் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்த ஓர் இளைஞர், தமக்கு வந்த கடிதங்களை எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்திருக்கிறார். புகழ் வந்த பிறகு கடிதம் சேர்ப்பவர்கள் உண்டு. பின்னால் யார் ஆவோம் என்று தெரியாத வயதில் சேர்த்து வைப்பதற்கு வேறு வகையான மனம் வேண்டும். பதில் எழுதிய பிறகே கம்பியில் குத்திய என் தாத்தாவின் மனமும் அதே வகையைச் சேர்ந்தது என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அந்த மனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காரணம் கூறலாம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடிதங்களைத் தம் கையால் எழுதுவதை விடச் சொல்லி எழுதுவிப்பதே அதிகம். பாடம் கேட்க வந்த மாணவர்களுள் ஒருவர் ஏட்டையும் எழுத்தாணியையும், அல்லது காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார வேண்டும். பிரபந்தம் இயற்றும்போது பாடல்களை எழுதிக்கொண்ட அதே கைகள் தாம் கடிதங்களையும் எழுதின. ஐயருக்கு அந்த வேலை நன்றாகவே பழக்கம். ஆகவே கடிதம் எழுதுவதும் அவருக்கு ஆசிரியரிடம் கேட்ட பாடங்களுள் ஒன்றாகவே இருந்தது. யாருக்கு என்ன விளி போட வேண்டும், மடாதிபதிக்கு எழுதும்போது எந்த அளவு பணிவு, பிரபுவுக்கு எழுதும்போது உதவியை எந்த இடத்தில் எப்படிக் கேட்பது, தன்னிடம் படித்துப் போன மாணவனுக்கு எழுதும்போது எந்த அளவு உரிமை, கடிதத்தின் தலைப்பில் ஒரு வெண்பாவோ விருத்தமோ எழுதும் வழக்கம் எப்போது பொருந்தும் என்பனவெல்லாம் இலக்கண நூலில் இல்லாத இலக்கணம். பிற்காலத்தில் தம் ஆசிரியருடைய வரலாற்றை எழுதியபோது ஐயர் அந்தக் கடிதங்கள் பலவற்றை அப்படியே எடுத்துச் சேர்த்திருக்கிறார். பாடம் சொல்லும் செய்தியும், ஏடு அனுப்பும் செய்தியும், குடும்பக் கடன் பற்றிய கவலையும் அவற்றில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன.

இந்தக் கலப்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தொழில் கடிதம், சொந்தக் கடிதம் என்று இன்று நாம் இரண்டாகப் பிரிக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழாசிரியர் ஒருவருடைய கடிதக் கட்டில் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்றே தெரியாது. ஒரு பாடபேதம் பற்றிய ஐயம், அச்சுக் கூலி பாக்கி, தந்தையின் உடல்நிலை, மாணவன் ஒருவனுக்கு வேலை தேடும் பரிந்துரை, நூலுக்குக் கையொப்பம் (முன்பணச் சந்தா) சேர்த்த விவரம், பிள்ளைக்கு உபநயனம் எல்லாமே ஒரே தாளில் இருக்கலாம். சிந்தாமணி அச்சாகத் தொடங்கியபோது ஐயரிடம் மூலதனம் எதுவும் இல்லை. முன்பணமாகக் கையொப்பம் தருவதாக ஒப்புக்கொண்டவர்களை நம்பியும் கடன் வாங்கியும்தான் 1887இல் அந்த நூல் வெளிவந்தது. கையொப்பம் கேட்பது என்றால் கடிதம் எழுதுவதுதான். பதில் சொல்லாதவர்களுக்கு மறுபடியும் எழுத வேண்டும், பணம் அனுப்பியவர்களுக்கு நன்றி தெரிவிக்க வேண்டும், புத்தகம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். வகுப்பை முடித்துவிட்டு வந்த ஒரு மனிதர் இந்தக் கணக்கையும் எழுதிக்கொண்டு, அதே மேசையில் நச்சினார்க்கினியர் உரையையும் ஒப்புநோக்கிக்கொண்டிருந்தார்.

இனி எங்கள் சீமைக்கு வருகிறேன். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் கிளைப்பாதை திறந்தது 1876ஆம் ஆண்டு ஜனவரியில். காலணா விலையில் தபால் கார்டு இந்தியாவில் புழக்கத்துக்கு வந்தது 1879 ஜூலையில். ஐயர் கும்பகோணத்தில் வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்பாக இந்த இரண்டும் நடந்துவிட்டதை நான் பெரிய காரியமாக எண்ணுகிறேன். தென்பாண்டி நாட்டில் ஒரு கவிராயர் வீட்டு மச்சில் கிடக்கும் ஏடு எது என்று, அந்த வீட்டுப் படியேறாமல், காலணாச் செலவில், சில நாட்களில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்ற நிலை அதற்கு முந்தின தலைமுறைப் புலவர்களுக்கு இருக்கவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத்துக்கும் தாமிரபரணிக் கரைக்கும் உள்ள உறவு இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆதீனத்துப் பெரும்புலவர் சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். கல்லிடைக்குறிச்சியில் மடம், திருநெல்வேலியில் ஈசான மடம் என்று ஆதீனத்தின் கிளைகள் ஆற்றோடு ஆறாக நீண்டு கிடந்தன. ஐயருக்கு இந்தச் சீமையின் அறிமுகம் மடத்தின் வழியாகவே முதலில் கிடைத்தது. பிறகு திருநெல்வேலியில் கவிராசர்கள் வீட்டில் இருந்த ஏட்டுத் தொகுதி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று அது விரிந்தது. கவிராசர்கள் வீட்டில் ஏடுகள் ஒழுங்காகக் கட்டப்பட்டு, தூசி தட்டி, வரிசையாக வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அவர் அடைந்த ஆனந்தத்தை அவரே எழுதியிருக்கிறார். அந்தச் சுவடிகளைக் கண்போல் காத்த ஈசுவரமூர்த்திப் பிள்ளையின் பெயரை நன்றியோடு பதிவு செய்தும் இருக்கிறார். எங்கள் ஊரைப் பற்றி யார் நல்லதாக எழுதினாலும் மனம் நிறையும். இதைப் படிக்கும்போது அதைவிட ஒரு படி கூடுதலாக நிறைந்தது.

ஆழ்வார்திருநகரி நிகழ்ச்சியை என் தாத்தா தம் வகுப்பில் கதையாகவே சொல்வாராம். அவரிடம் படித்த பெரியவர் ஒருவர் அண்மையில் சொன்னார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க நல்ல பிரதி தேடி ஐயர் அங்கே வந்தார். அது கவிராயர்கள் வீடுகள் பல இருந்த ஊர். லக்ஷ்மண கவிராயர் வீட்டிலிருந்த ஏடுகளையெல்லாம் நாட்கணக்கில் பிரித்துப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. அப்போதுதான் கவிராயருக்குத் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடம் சில பழைய ஏடுகள் இருப்பது நினைவுக்கு வந்தது. ஊரில் உற்சவம். சுவாமி புறப்பாடு பார்த்துவிட்டு மனச் சோர்வோடு இருந்த ஐயரிடம், இரவு நிலா வெளிச்சத்தில் ஒரு சுவடிக் கட்டு வந்து சேர்ந்தது. விளக்கு ஏற்றும்வரை பொறுக்காமல் அந்த நிலவொளியிலேயே அவர் பிரித்துப் பார்த்தார். முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது. பத்துப்பாட்டு 1889இல் அச்சில் வந்தது.

நேரில் வந்து தேடிய நாட்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. கல்லூரி விடுமுறைக்குள் வர வேண்டும், விடுமுறைக்குள் திரும்ப வேண்டும். ஏடு கையில் கிடைத்த பிறகு வேலை முடிவதில்லை. இரவல் வாங்கியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும், அவர்கள் திருப்பிக் கேட்டால் இன்னும் சில மாதம் பொறுக்கும்படி வேண்டிக்கொள்ள வேண்டும், சிதைந்த ஓர் இடத்துக்கு வேறு பிரதியில் என்ன பாடம் என்று கேட்க வேண்டும், நூல் வெளிவந்ததும் உதவியவர்கள் பெயரை முகவுரையில் சேர்த்த செய்தியைச் சொல்லிப் பிரதி அனுப்ப வேண்டும். ஐயருடைய முகவுரைகளில் ஏடு உதவியோர் பட்டியல்கள் ஊர்ப்பெயரோடும் ஆட்பெயரோடும் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்குப் பின்னால் இந்தத் தபால் பழக்கம் இருக்கிறது. யார் எதைக் கொடுத்தார்கள் என்பது எழுத்தில் இருந்தது, அந்த எழுத்தை அவர் தூக்கிப் போடவில்லை.

கடிதக் கட்டில் வெளிநாட்டுத் தபாலும் உண்டு. பாரிஸில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன் தமிழிலேயே கடிதம் எழுதினார். ஆக்ஸ்போர்டிலிருந்து ஜி.யு.போப் எழுதினார். போப் இளைஞராக இருந்தபோது தூத்துக்குடிக்குப் பக்கத்துச் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர் என்பதால், புறநானூறு பற்றி அவருக்கும் ஐயருக்கும் நடந்த தபால் உறவில் தேரிக்காட்டுச் செம்மண் சிறிது ஒட்டியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

பழைய கடிதங்களைப் படிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் படிக்கத் தெரியாததாலேயே பல வீடுகளில் அவை குப்பையாகின்றன. முதல் தடை தேதி. அக்காலத்துக் கடிதங்கள் பலவற்றில் ஆங்கிலத் தேதி இராது. ‘தாது௵ மாசி௴ ௰௨௳’ என்று தலைப்பில் இருக்கும். ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம், ௳ என்பது நாள். ௰௨ என்பது பன்னிரண்டு. தாது என்பது பிரபவ முதலாகப் பத்தாவது ஆண்டு. ஆனால் அது அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1876இல் தொடங்கியதும் தாது, 1936இல் தொடங்கியதும் தாது. தாளையும் தபால் முத்திரையையும் செய்தியையும் பார்த்துத்தான் எந்தத் தாது என்று முடிவு செய்ய முடியும். தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் ஆச்சிமார் சொல்லும் பஞ்சம் முதலாவது தாதுவில் தொடங்கியது. இன்னொரு கடிதத்தில் ‘சர்வசித்து’ என்று இருந்தால், அது சிந்தாமணி வெளிவந்த 1887ஐ ஒட்டியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தடை எழுத்து. ஓலையில் எழுதிப் பழகிய கைகள் காகிதத்துக்கு வந்த பிறகும் புள்ளி வைப்பதில்லை. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடாமல் ஒரே ஓட்டமாக எழுதியிருப்பார்கள். மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹. வாய்விட்டுப் படித்தால்தான் பல இடங்களில் சொல் பிரியும். நான் முதலில் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. ஒரு கையெழுத்துக்குப் பழகிவிட்டால் அதே ஆளின் இரண்டாவது கடிதம் கால் மணி நேரத்தில் வசப்படும், மூன்றாவது கடிதத்தில் அவருடைய குரலே கேட்கத் தொடங்கிவிடும்.

இப்போது என் மனத்தில் உள்ள குறையைச் சொல்கிறேன். பாதுகாக்கப்பட்டிருக்கும் மூவாயிரத்துச் சொச்சமும் பெரும்பாலும் ஐயருக்கு வந்தவை. அவர் எழுதியவை, யாருக்கு எழுதினாரோ அவர்களுடைய ஊர்களுக்கே போய்விட்டன. உரையாடலில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது. ‘தாங்கள் கேட்டபடி’ என்று ஒரு கடிதம் தொடங்குகிறது என்றால், கேட்டது என்ன என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதியவற்றைப் பெற்றவர்கள், அவர் செய்ததைப் போலவே எடுத்து வைத்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நூல் உருவான கதையை நாள் நாளாகப் படிக்கலாம்.

திருநெல்வேலிச் சீமையில் அவர் கடிதம் பெற்றிருக்கக் கூடிய வீடுகள் எத்தனையோ. அந்த எண்ணத்தில் கடந்த ஆடி, ஆவணி மாதங்களில் எனக்குத் தெரிந்த நான்கு பழைய வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் அன்போடு உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள், மச்சுக்கும் ஏற்றிவிட்டார்கள். ஒரு வீட்டில் அரங்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு தகரக் குழாயைக் கொண்டுவந்தார்கள். மூடியைத் திருகித் திறந்ததும் உள்ளே சுருட்டி வைத்த முத்திரைத் தாள்கள், ஒவ்வொன்றாக, ஒரு மடிப்புக்கூடக் கிழியாமல் வந்தன. நூறு ஆண்டுக்கு முந்திய கிரயப் பத்திரம், அதற்கும் முந்திய பாகப் பிரிவினை, வயலுக்கு நான்கு எல்லையும் குறித்த ஒத்திப் பத்திரம். பூச்சி வராமல் வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். கடிதங்கள் ஏதாவது உண்டா என்று கேட்டேன். “கடுதாசி எல்லாம் யாரு வச்சிருக்கா தம்பி? வெள்ளையடிக்கும்போது போயிருக்கும்” என்று வீட்டுப் பெரியம்மா வருத்தத்தோடுதான் சொன்னார்கள். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தது ஒன்றே. நிலத்தின் எல்லையைச் சொல்லும் தாளுக்குக் குழாயும் வசம்பும் கிடைத்தன. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதற்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

ஏடுகளுக்கும் இதே கதி நேர்ந்ததை ஐயரே எழுதி வைத்திருக்கிறார். வரகுணராம பாண்டியன் வைத்திருந்த சுவடிகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் அங்கே போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம், அதுதான் சாஸ்திரம் என்று அங்கிருந்த கோயில் அலுவலர் சொன்னார். ஆடிப் பதினெட்டில் சுவடிகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று விட்டவர்களும் உண்டு. அப்படிச் செய்தவர்கள் எவரும் தமிழுக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். நெருப்புக்கும் ஆற்றுக்கும் கொடுத்ததில் ஒரு மரியாதையாவது இருந்தது. கடிதங்களை நாம் எடைக்குப் போட்டோம். ஏட்டுச் சுவடிகளின் அருமையை ஐயரும் இன்னொரு பதிப்பாசிரியரான சி.வை.தாமோதரம் பிள்ளையும் ஒரு தலைமுறைக்குள் நாட்டுக்கு உணர்த்திவிட்டார்கள். கடிதத்துக்கு அப்படி ஓர் ஆள் இன்னும் எங்கள் சீமையில் வரவில்லை.

பிறருடைய சொந்தக் கடிதத்தைப் படிப்பது சரிதானா என்ற கேள்வியை என் அத்தை ஒருவர் எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான். கடன் கேட்டதும், உறவுக்குள் நேர்ந்த மனத்தாங்கலும், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னதும் கடிதத்தில் இருக்கும். இரண்டு தலைமுறைக்குள் உள்ளவற்றை வெளியிட அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் வெளியிடாமல் இருப்பதற்கு அழிக்கத் தேவையில்லை. ஐயர் தமக்கு வந்த மனவருத்தமான கடிதங்களையும் புகழ்ந்து வந்தவற்றையும் சேர்த்தே வைத்திருந்தார்.

தாத்தாவின் நன்னூலுக்குள் தப்பிய இரண்டு கார்டுகளுள் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. அரசர் தலை போட்ட தபால்தலை அச்சாகவே இருக்கிறது. ஆண்டு 1938. எழுதியவர் தாத்தாவிடம் படித்து, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போல வேலை தேடிக் கடல் கடந்து, ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மாணவர். கார்டின் முதல் பாதியில் அவர் வேற்றுமைத் தொகைக்கும் அன்மொழித் தொகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிறார். இரவில் கடை அடைத்த பிறகு பண்டித தேர்வுக்குப் படிப்பதாகவும், அங்கே கேட்டுத் தெளிய ஆள் இல்லை என்றும் எழுதுகிறார். அடுத்த வரியிலேயே, புது வாக்கியம் கூடத் தொடங்காமல், ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலையா என்கிறார். அதற்குக் கீழே, தாம் அனுப்பிய ஐந்து ரூபாயைத் தம் தாயாரிடம் சேர்ப்பித்துக் கையெழுத்து வாங்கி வைக்கும்படி வேண்டுகிறார். இடம் தீர்ந்துவிட்டதால், இடது ஓரத்தில் கார்டைத் திருப்பிப் பிடித்துப் படிக்கும்படி, நுணுக்கி நுணுக்கி ஒரு வரி: பதில் எழுதும்போது பழைய விலாசத்துக்கு எழுத வேண்டாம், கடை மாறிவிட்டது. கார்டின் நடுவில் கம்பி குத்திய ஓட்டை இருக்கிறது. அது ‘அன்மொழி’ என்ற சொல்லின் மேல் விழுந்து மகரத்தைத் தின்றுவிட்டது. ஓட்டை இருப்பதால் தாத்தா பதில் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் என்ன என்பது தெரியாது. அது கொழும்பில் யார் வீட்டிலாவது இருந்தால்தான் தெரியும்.

நன்னூல் பக்கத்தைப் பார்த்தேன். கார்டு கிடந்த இடம் தொகைநிலைத் தொடர் பற்றிய நூற்பாக்கள் இருக்கும் பக்கம். ஓரத்தில் பென்சிலால், தாத்தாவின் சாய்ந்த கையெழுத்தில், அன்மொழித் தொகைக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. முதலாவது பொற்றொடி. அவை பதிலுக்கான குறிப்பாகவே இருக்க வேண்டும்.

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கவிராயர் வீடு, ஓதுவார் வீடு, பழைய வக்கீல் வீடு, தமிழாசிரியர் வீடு எதிலாவது இதைப் படிப்பவர்கள் இருந்தால், இந்தத் தை மாதத்துக்கு முன் மச்சை ஒழிக்கும்போது கட்டாகக் கிடக்கும் காகிதத்தை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். கும்பகோணம் என்று முத்திரை விழுந்த கார்டு கண்ணில் பட்டாலும், படாமல் உங்கள் தாத்தாவுக்கு வந்த கடுதாசிகளே கிடைத்தாலும், ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் வைத்திருக்கும் அதே குழாயில் ஒரு வசம்புத் துண்டோடு வைத்துவிடுங்கள். கையெழுத்து புரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். பதில் எழுதாமல் எதையும் கம்பியில் குத்த மாட்டேன்.